கோடை வெப்பமும் டிராக்டர் பேட்டரியும்

ஐப்பசி மழை பெய்து, ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டிய நாளில் டிராக்டர் கிளம்ப மறுப்பது மானாவாரி உழவர்களுக்குப் பெரும் நட்டம். மழையில் நனைந்து பேட்டரி கெட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது சித்திரை, வைகாசி வெயிலிலேயே கெட்டிருக்கும். வெளியே தெரிய வருவதுதான் மழைக்காலத்தில்.

பேட்டரிக்குள் காரீயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் உள்ளன. இவற்றுக்கிடையே நிகழும் இரசாயன மாற்றத்தினால் மின்சாரம் கிடைக்கிறது. சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இம்மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கோடையில் எஞ்சின் எளிதாகக் கிளம்பும். பேட்டரி நல்ல நிலையில் இருப்பதாகவே தோன்றும். ஆனால் கேடு செய்யும் மாற்றங்களும் அதே வேகத்தில் நடக்கின்றன. தகட்டின் காரீயச் சட்டம் அரிக்கப்படுகிறது. நீர் குறைகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே மின்சாரம் இறங்குகிறது. 25 டிகிரியில் 4 ஆண்டு உழைக்கும் பேட்டரி, எந்நேரமும் 35 டிகிரியில் இருந்தால் 2 ஆண்டுகளே உழைக்கும் என்று இக்கணக்கு காட்டுகிறது. இவ்வாறு நலிந்த பேட்டரி, குளிர்ச்சி வந்ததும் கைவிட்டுவிடுகிறது.

வேலூர், திருச்சி, கரூர் பகுதிகளில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. பானெட்டுக்குள் இதைவிட அதிகம். பல டிராக்டர்களில் பேட்டரி ரேடியேட்டருக்கு முன்னால் அமைந்துள்ளது. ஃபேன் இழுக்கும் வெளிக்காற்று முதலில் பேட்டரியைத் தொட்டுச் செல்வதால் இது நல்ல இடமே. ஆனால் கதிரடிப்புக்குப் பின் முன் வலையிலும் ரேடியேட்டரிலும் பதரும் தூசியும் அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் நின்றுவிடும். அறுவடைக் காலத்தில் நாள்தோறும் மாலையில் இவற்றைத் தட்டிச் சுத்தம் செய்வது அவசியம்.

சில வண்டிகளில் பேட்டரி எஞ்சினை ஒட்டி அமைந்திருக்கும். அவற்றில் சூட்டைத் தடுக்க ஒரு தகடு பொருத்தப்பட்டிருக்கும். பழுது பார்க்கும்போது கழற்றப்படும் இத்தகடு பட்டறை மூலையிலேயே தங்கிவிடுவதுண்டு. அதைக் கேட்டு வாங்கி மாட்டச் சொல்ல வேண்டும். தொலைந்துபோயிருந்தால் மெல்லிய அலுமினியத் தகட்டை எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் இடையே, இருபுறமும் விரற்கடை இடைவெளி விட்டு, அசையாதவாறு பொருத்தலாம். அது பேட்டரி முனைகளில் எக்காரணம் கொண்டும் படக்கூடாது. பழைய கல்நார் அட்டையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

எஞ்சினை நிறுத்தியவுடன் ஃபேனும் நின்றுவிடுவதால், எஞ்சினில் உள்ள சூடு வெளியேற வழியின்றிப் பானெட்டுக்குள் தேங்கும். கடும் உழவு முடிந்ததும் குறைந்த வேகத்தில் 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, நிழலில் பானெட்டைத் திறந்து வைப்பது நல்லது. இதற்குச் செலவாகும் டீசல் மிகச் சொற்பம். பேட்டரியின் மேல் ஈரச் சாக்குப் போடுவது தவறு. ஈரத்தின் வழியே மின்சாரம் கசியும். வாயு வெளியேறும் துளைகளும் அடைபடும். அந்த வாயு தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் ஆகையால், பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது.

மூடி திறக்கும் வகைப் பேட்டரியில், கோடையில் வாரம் ஒரு முறை நீர்மட்டம் பார்க்க வேண்டும். தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் நிற்க வேண்டும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ அமிலமோ ஊற்றுவது பேட்டரியை விரைவில் அழிக்கும். வாராவாரம் நீர் வெகுவாகக் குறைந்தால் வெயிலை மட்டும் குறை கூறுவதற்கில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மின்னேற்றம் மிகுந்து பேட்டரி உள்ளிருந்தே சூடேறுகிறது என்று பொருள். ரெகுலேட்டரை மாற்றாமல் புதுப் பேட்டரி வாங்கினால் அதுவும் அதே கதிதான்.

கோடை உழவு முடிந்து வண்டிக்கு நெடுநாள் வேலையில்லை எனில், பேட்டரியைக் கழற்றிக் காற்றோட்டமுள்ள நிழலான அறையில் வைத்து, மாதம் ஒரு முறை மின்னேற்றம் செய்வது சிறந்தது. சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் இறங்கிவிடும் என்ற அச்சம் இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது. கழற்றும்போது பூமி இணைப்பான எதிர்மின் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். இல்லையெனில் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.