மழைக்கோட்டுக்குள்ளேயும் நனையலாம்: அலாஸ்கா வேட்டைக்குச் செல்வோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அலாஸ்காவின் கோடியாக் தீவு. நவம்பர் மாதம். வெப்பநிலை 0 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை. மழை கடல் காற்றோடு சேர்ந்து பக்கவாட்டில் அடிக்கும். உரிமம் பெற்று மான் வேட்டைக்கு வருபவர்களை, நீரில் இறங்கும் சிறிய விமானம் ஏரிக்கரையில் விட்டுவிட்டுப் போய்விடும். வானிலை கெட்டால் சொன்ன நாளில் விமானம் திரும்பி வராது. அதுவரை கூடாரமும் உடம்பில் இருக்கும் உடையும்தான் துணை.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்கு வழியில்லை. ஆனால் குளிர், மழை, காற்று மூன்றும் சேர்ந்த இடத்துக்கு மலையேறப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

உண்மையான ஆபத்து எது?

தண்ணீர் உறையும் குளிரில்தான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைப்போதெர்மியா. நனைந்த உடம்பில் காற்றும் அடித்தால், 5 டிகிரிக்கு மேலேயே இது வரலாம். காற்றைவிட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதே காரணம். முதலில் நடுக்கம், பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது, பேச்சு குழறும், முடிவெடுப்பதில் குழப்பம் வரும். கையில் துப்பாக்கி இருப்பவருக்கு இது இரட்டை ஆபத்து.

மழையைத் தடுத்தால் போதாதா?

போதாது. பைக் ரெயின்கோட் போட்டவர்களுக்குத் தெரியும், மழை உள்ளே வராவிட்டாலும் சட்டை நனைந்திருக்கும். அது வேர்வை. வேட்டையில் சிக்கல் இன்னும் பெரியது. மூச்சு வாங்க மலை ஏற வேண்டும், பிறகு பைனாகுலரோடு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். ஏறும்போது ஊறிய வேர்வை, உட்காரும்போது உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

என்னென்ன வகைகள் உண்டு?

பிவிசி கோட்: மீன்பிடிப் படகுகளில் வேலை செய்பவர்கள் அணிவது. விலை குறைவு, சொட்டு நீர் இறங்காது. வேர்வை ஆவியும் வெளியேறாது. படகிலோ, நடக்காமல் ஒரே இடத்திலோ இருப்பவர்களுக்குச் சரி.

சவ்வு வைத்த ஜாக்கெட்: 1969-ல் பாப் கோர் கண்டறிந்த பொருளில் இருந்து உருவான கோர்-டெக்ஸ் இந்த வகை. சவ்வின் நுண்துளைகள் நீர்த்துளியைத் தடுக்கும், ஆவியை வெளியே விடும். நடப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. ஆனால் விடாத மழையில் வெளிக்காற்றும் ஈரமாக இருப்பதால், ஆவி வெளியேறுவது குறையும்.

போன்ச்சோ: பலமான காற்றில் பாய்மரம் மாதிரி பறக்கும். இங்கே வேண்டாம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று லேபிளில் இருக்கும். துணி எத்தனை உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான அளவு அது. ஈரத் தரையில் மண்டியிடும்போதும், பை வார் தோளில் அழுத்தும்போதும் அழுத்தம் கூடும். அதனால் இந்தப் பயணத்துக்கு 20,000 பக்கம் போவது நல்லது.

தையல்கள் முழுவதும் உள்ளே டேப் ஒட்டியிருக்க வேண்டும். அக்குளில் ஜிப் இருந்தால் ஏறும்போது திறந்துவிடலாம். இரண்டு கைகளையும் உரசிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் மான் உங்களுக்கு முன்பே உஷாராகிவிடும். தொப்பி தலையோடு திரும்புகிறதா, காதை அடைக்கிறதா என்றும் பாருங்கள். கோடியாக்கில் சுமார் 3,500 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. பின்னால் வரும் சத்தம் காதில் விழுந்தே ஆக வேண்டும்.

பலரும் ஜாக்கெட்டுக்குச் செலவழித்துவிட்டு பேன்ட்டில் மிச்சம் பிடிப்பார்கள். ஈரப் புதருக்குள் நடக்கும்போது முதலில் நனைவது தொடைதான். பூட்ஸைக் கழற்றாமலே போடும் அளவுக்குப் பக்கவாட்டில் ஜிப் உள்ள பேன்ட் நல்லது.

உள்ளே என்ன போடலாம்?

ஜீன்ஸ், காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம். நனைந்தால் சீக்கிரம் காயாது. மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் போடலாம். நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. கனமான ஸ்வெட்டரைப் பையில் வைத்திருந்து, உட்கார்ந்ததும் ஜாக்கெட்டுக்குள் போடுங்கள். அதற்கு இடமிருக்கும் சைஸாக ஜாக்கெட்டை வாங்குங்கள். தூங்குவதற்கென்று ஒரு செட் உடை, நீர் புகாத பையில் எப்போதும் காய்ந்தே இருக்கட்டும்.

கிளம்பும் முன்

ஜாக்கெட்டையும் பேன்ட்டையும் போட்டு, முதுகில் பையோடு வீட்டு ஷவரின் கீழ் பத்து நிமிடம் நில்லுங்கள். மண்டியிட்டும் பாருங்கள். எங்காவது ஈரம் இறங்கினால் கடையில் மாற்றிவிடலாம். விமானம் இறக்கிவிட்டுப் போன பிறகு அந்த வாய்ப்பு இல்லை.