இரண்டு துண்டுத் துணி

பதவியேற்பு விழாவுக்குக்கூட நிற்காமல், 1801 மார்ச் 4 விடியுமுன் அமெரிக்க ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் வாஷிங்டனை விட்டு வண்டியேறியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் தாமஸ் ஜெஃபர்சன், பழைய தோழர். இருவருக்கும் பேச்சு அற்றுப்போனது. 1804-ல் ஜெஃபர்சனின் மகள் இறந்தபோது ஆடம்ஸின் மனைவி அபிகெய்ல் துக்கம் கேட்டு எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்தும் பழைய கணக்குகளைக் கிளறிவிட்டு நின்றது. பிறகு சமாதானம் பேச வந்தவர் பிலடெல்ஃபியா டாக்டர் பெஞ்சமின் ரஷ். இரண்டு பக்கமும் மாறி மாறி எழுதிக் கரைத்தார்.

கடைசியில் இறங்கி வந்தவர் ஆடம்ஸ்தான். 1812 ஜனவரி 1 அன்று தம் ஊரான குவின்சியிலிருந்து சின்னதாக ஒரு கடிதம்: உள்நாட்டு உற்பத்தியில் உங்களுக்கு ஆர்வமாயிற்றே, எங்கள் பக்கத்தில் வீட்டிலேயே நெய்த துணி இரண்டு துண்டு தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

நம் கதர் மாதிரி, அன்றைய அமெரிக்காவில் வீட்டு நெசவுக்கும் அரசியல் உண்டு. இங்கிலாந்துச் சரக்கு வேண்டாம் என்பதற்கு அதுதான் அடையாளம். கடிதம் முதலில் வந்துவிட்டது, பார்சல் வரவில்லை. ஜெஃபர்சன் நிஜத் துணி என்றே நம்பிவிட்டார். வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பு நடப்பதைப் பற்றியும் பருத்தி, சணல், கம்பளி பற்றியும் விலாவாரியாக எழுதினார். (அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் அவருக்கு நூற்றுக் கொடுத்தவர்கள் அடிமைப் பெண்கள்.) அந்தப் பதிலைத் தபாலில் சேர்க்கப் போன ஆள், திரும்பும்போது பார்சலைக் கொண்டுவந்தான். பிரித்தால் இரண்டு புத்தகங்கள்! ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஹார்வர்டில் பேச்சுக்கலை பற்றி ஆற்றிய உரைகள். 'வீட்டில் நெய்தது' என்று அப்பா சொன்னது அதைத்தான். அசடு வழிந்த ஜெஃபர்சன், நான் கொஞ்சம் யோசித்திருந்தால் என் துணிப் பிரசங்கத்திலிருந்து நீங்கள் தப்பியிருப்பீர்கள் என்று மறுபடி எழுதினார். எனக்கென்னவோ, ரஷ் பட்ட பாட்டைவிட இந்தக் குளறுபடிதான் பனியை உடைத்தது என்று தோன்றுகிறது.

அப்புறம் பதினான்கு ஆண்டுகள் கடிதங்கள் ஓடின; ஜெஃபர்சன் ஒன்று எழுதினால் ஆடம்ஸ் இரண்டு எழுதுவார். 1823-ல் ஒரு வெடிகுண்டு. பேச்சற்றுக் கிடந்த நாட்களில் ஜெஃபர்சனை ஏசி, கன்னிங்ஹாம் என்ற உறவினருக்கு ஆடம்ஸ் எழுதிய கடிதங்கள் அச்சேறின. தாம் சாகும்வரை வெளியிடக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தும், கன்னிங்ஹாம் இறந்ததும் அவர் மகன் வெளியிட்டுவிட்டார்.

இதையெல்லாம் நான் பொருட்படுத்தப் போவதில்லை என்று ஜெஃபர்சன் எழுதிய கடிதம், குவின்சியில் காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. ஆடம்ஸுக்கு எண்பத்தெட்டு வயது, கண் தெரியவில்லை. எங்களுக்குள் ரகசியம் எதுவும் இல்லை, பிரித்துப் படி என்று வீட்டுப் பெண் ஒருத்தியிடம் நீட்டினார். படித்து முடித்ததும் மேஜையைச் சுற்றி ஒரே ஆரவாரம்: இதை அச்சில் போட்டே ஆக வேண்டும்!

அவர் அனுமதி இல்லாமல் கூடாது என்றார் கிழவர்.

(தொடரும்)