இணக்கம் எழுதினால் மட்டும் கடன் வந்துவிடாது

எங்கள் தொழிற்சாலையில் இரவு வேலை செய்யும் ஒருவர், ஊரவர் என்ற நம்பிக்கையில் 9,000 டொலர் கைமாற்றுக் கொடுத்திருந்தார். காசு திரும்பவில்லை. ஒன்ராறியோ சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். (2025 ஒக்டோபர் முதல் அங்கே 50,000 டொலர் வரை கேட்கலாம்.) விளக்கத்துக்குப் போகாமலே இரு பகுதியும் சமாதானமாகி, மாதம் 500 டொலர்படி 18 மாதத்தில் கட்டுவதென்று இணக்கப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். நான்கு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு தொலைபேசி எடுப்பார் இல்லை.

இனிக் கோட் பார்த்துக்கொள்ளும் என்று எம்மவர் பலர் இந்த இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இணக்கப் பத்திரம் தீர்ப்பு அல்ல. கோட் தானாக அசையாது. நாங்கள்தான் திரும்பப் போகவேண்டும். இணக்கத்தில் உள்ளபடி தீர்ப்புத் தரும்படி மனுப் போடலாம். அல்லது இணக்கமே நடவாதது போலப் பழைய வழக்கைத் தொடரலாம். தயவு பார்த்துத் தொகையைக் குறைத்து எழுதியவர்கள் இரண்டாவதையும் யோசிக்க வேண்டும். ஒரு தவணை தவறினாலும் மிச்சம் முழுவதும் உடனே கட்டவேண்டும் என்ற வரியை முதலிலேயே எழுதுவித்தால் பின்னர் வாதாட்டம் குறையும்.

மனுவில் கனபேர் இடறுவது அறிவித்தலில்தான். முதலில் நீதிமன்றக் கந்தோரில் திகதி எடுக்க வேண்டும். அந்தத் திகதிக்கு ஆகக் குறைந்தது 7 நாள் முன்னதாக, மனுவும் அதற்கான சத்தியக் கடதாசியும் மற்றவருக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும். தபாலில் போட்டால் ஐந்தாம் நாளில்தான் சேர்ந்ததாகக் கணக்கு. ஆகவே கடைசி வாரத்தில் தபால் பெட்டியைத் தேடி ஓடிப் பயனில்லை. எப்போது, எப்படிச் சேர்ப்பித்தோம் என்பதற்கு இன்னொரு சத்தியக் கடதாசி முடித்து, தவணைக்கு 3 நாள் முன்னதாகவாவது கோட்டில் கொடுக்க வேண்டும். கோயிலில் கண்டு மச்சானிடம் சொல்லிவிட்டது அறிவித்தல் ஆகாது. அறிவித்தல் பிழைத்தால் தவணை தள்ளிப்போகும். தீர்ப்பே கிடைத்தாலும், தனக்குத் தெரியாது என்று மற்றவர் அதை நீக்கக் கேட்கலாம். ஒருவரைக் கேளாமல் தீர்ப்பிடக் கூடாதென்பது நியாயம்தானே. நாட்டைவிட்டு ஓடிவந்த எங்களுக்கு இது விளங்கும்.

நான் சட்டம் படித்தவன் அல்ல, பள்ளிக்கூடத்தோடு நின்றவன். இருந்தாலும் கடன்பட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்கள் ஒரு நிலக்கீழ் அறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருப்போம். வழக்கு நடக்கும்போது விலாசம் மாறினால் 7 நாளுக்குள் கோட்டுக்கும் மற்றப் பகுதிக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் பழைய கதவடியில் கிடக்க, தீர்ப்பு வந்துவிடும். அதன்பின் கழிவுகள் போகக் கைக்கு வரும் சம்பளத்தில் 20 வீதம் வரை வேலைத்தலத்திலேயே பிடிக்கலாம். அப்போது முதலாளிக்கும் விஷயம் தெரியவரும். வேலை குறைந்து தவணை கட்ட முடியாமற் போனால், தவறுவதற்கு முன்பே கடன் தந்தவருக்கு எழுதி, புதிய தொகையில் இருவரும் ஒப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.