மீன் பிடிக்கும் பறவைகள்

ராஜஸ்தான் மாநிலத்தில் பரத்பூர் நகரை ஒட்டிக் கேவலாதேவ் தேசியப் பூங்கா அமைந்துள்ளது. ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்காவில் ஆழமற்ற நீர்நிலைகளும் புல்வெளிகளும் மரங்களும் நிறைந்துள்ளன. 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாக ஏற்றது. இங்குக் காணப்படும் பறவைகளுள் பல, மீனையே முதன்மை உணவாகக் கொண்டவை. இத்தனை பறவைகளுக்கும் ஒரே நீர்நிலை எவ்வாறு உணவளிக்கிறது? ஒவ்வொரு பறவையும் தன் உடலமைப்புக்கு ஏற்ற ஆழத்தில், தனக்கே உரிய முறையில் மீன் பிடிக்கிறது. அதனால் அவற்றிடையே போட்டி பெருமளவு குறைகிறது.

கரையோரத்தில் அசையாமல் நிற்பது கொக்கு. அதன் நீண்ட கழுத்து வளைந்து மடிந்திருக்கும். மீன் அருகில் வந்ததும் கழுத்து நிமிர்ந்து, அலகு நீருக்குள் பாயும். நீரிலிருந்து வெளிவரும் ஒளி வளைவதால், மீன் உண்மையில் இருக்கும் இடத்தைவிடச் சற்று மேலே இருப்பதுபோல் தோன்றும். கொக்கு இவ்வேறுபாட்டை உணர்ந்தே குறி வைக்கிறது. சின்னக் கொக்கு சில வேளைகளில் தன் காலால் சேற்றைக் கலக்கி, ஒளிந்திருக்கும் மீன்களை வெளியே வரச் செய்யும்.

மஞ்சள்மூக்கு நாரைக்குக் கண்ணைவிட அலகே பெருந்துணை. அது ஆழமற்ற நீரில் நடந்தவாறே, பாதி திறந்த அலகை நீருக்குள் இருபுறமும் அசைத்துத் துழாவும். மீன் அலகில் பட்டவுடன் இமைப்பொழுதில் அலகு மூடிக்கொள்ளும். ஆகவே, கலங்கிய நீரிலும் இந்நாரையால் இரை தேட இயலும்.

மீன்கொத்திக்கோ தெளிந்த நீர் வேண்டும். சிறிய நீலநிற மீன்கொத்தி, நீரின்மேல் நீண்டிருக்கும் கிளையில் அமர்ந்து கீழே நோக்கும். மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாய்ந்து அலகால் கவ்வும். நீருக்குள் புகும்போது மெல்லிய சவ்வு ஒன்று அதன் கண்களை மூடிப் பாதுகாக்கிறது. பிடித்த மீனைக் கிளையில் அடித்துக் கொன்று, தலைப்பக்கமாக விழுங்கும். வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் துடுப்பும் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்குக் கிளையும் தேவையில்லை. அது சிறகுகளை விரைந்து அடித்து, அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்றவாறு மீனைத் தேடும்.

நீர்க்காகம் மீனைத் துரத்திப் பிடிக்கும் பறவை. தோலால் இணைந்த விரல்களையுடைய கால்களால் நீரை உந்தி மூழ்கி நீந்தும். அதன் அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருப்பதால், வழுக்கும் மீனும் நழுவுவதில்லை. அதன் இறகுகளில் நீர் ஊறுவதால் உடலின் மிதப்பு குறைந்து, மூழ்குதல் எளிதாகிறது. இதனாலேயே வேட்டை முடிந்ததும் அது சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்துகிறது. அதன் உறவினமான பாம்புத்தாரா, கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது பாம்புபோல் தோன்றும். கூரிய அலகால் மீனை ஈட்டிபோல் குத்தி, மேலே தூக்கியெறிந்து, வாயில் ஏந்தி விழுங்கும்.

குளிர்காலத்தில் வரும் வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டாக உழைப்பவை. அவை அரைவட்டமாக அணிவகுத்து நீந்தி, மீன்களை ஆழமற்ற பகுதிக்கு ஓட்டும். பின்னர், அலகின் கீழுள்ள தோற்பையால் மீன்களை நீரோடு சேர்த்து அள்ளும். நீரை வடியவிட்ட பிறகே மீன்களை விழுங்கும்.

விரால் அடிப்பான் என்னும் கழுகினப் பறவை, அலகால் அன்றிக் கால்களால் மீன் பிடிக்கும். அது உயரத்திலிருந்து பாய்ந்து, கால்களை முன்னே நீட்டி நீரில் இறங்கும். அதன் வெளிவிரல் பின்புறமாகவும் திரும்பக் கூடியது. ஆகவே, முன்னே இரண்டு, பின்னே இரண்டு என விரல்களை அமைத்து மீனை இறுகப் பற்றும். பாதங்களின் அடியில் உள்ள முள்போன்ற செதில்கள் பிடியை மேலும் உறுதியாக்குகின்றன. காற்றின் தடை குறையும்படி, மீனின் தலையை முன்னோக்கி வைத்து அது பறந்து செல்லும்.

கரைச் சேறு, ஆழமற்ற நீர், தெளிந்த நீர், ஆழமான மடு எனப் பலவகை இடங்கள் இருந்தால்தான் பலவகைப் பறவைகள் ஓரிடத்தில் வாழ முடியும். கேவலாதேவ் நீர்நிலைகள் நெடுங்காலமாக அஜான் அணையிலிருந்து வரும் நீரையே நம்பியிருந்தன. மழை பொய்த்த ஆண்டுகளில், அந்த நீர் உழவர்களின் வயல்களுக்கும் தேவைப்பட்டது, பறவைகளுக்கும் தேவைப்பட்டது. நீர் வரத்துக் குறைந்தபோது மீன்களும் குறைந்தன. மீன் இல்லாத இடத்தில் நாரைகள் தம் குஞ்சுகளை வளர்க்க இயலாது. எனவே, கடும் வறட்சி நிலவிய ஆண்டுகளில் மஞ்சள்மூக்கு நாரைகள் அங்குக் கூடு கட்டவில்லை. பின்னாளில் வேறு இடங்களிலிருந்து குழாய்கள் வழியாக நீர் கொண்டுவரும் திட்டங்கள் நிறைவேற்றப்பட்டன.

பறவையின் அலகும் காலும் கண்ணும் எவ்வளவு சிறந்து விளங்கினாலும், நீர் இல்லையேல் அவற்றால் பயனில்லை. பறவைகளைக் காக்கும் பணி, நீர்நிலைகளைக் காப்பதிலிருந்தே தொடங்குகிறது.