காருக்கு ஏற்ற காலணி

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத் தேராகிய மோட்டார் காருக்கு அச்சாணி எது என்று கேட்டால், வாடகைக் கார் ஓட்டும் எங்கள் தந்தையார் தயங்காமல் "டயர்" என்பார். கார் எவ்வளவு பெரிதானாலும் அது சாலையைத் தொடுவது நான்கே இடங்களில்தான். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் நாம் குடும்பத்தோடு பயணம் செய்கிறோம்.

எங்கள் ஊர் காரைக்குடியை அடுத்த கோவிலூர். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் கார் கொட்டகைகளைத் தோழியர் பலர் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கார் உறை போர்த்தி உறங்கும். திருமணம், திருவிழா என்றால்தான் விழிக்கும்.

2023 ஆம் ஆண்டு வைகாசியில், எங்களுக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காக அப்படி ஒரு சிறிய காரை வெளியே எடுத்தார்கள். புதிய பேட்டரி போட்டு, கழுவித் துடைத்ததும் கார் பளபளத்தது. எங்கள் தந்தையார் மட்டும் டயர் அருகே குனிந்து பார்த்துவிட்டு, "ஆச்சி, பட்டன் தேயலை, பார்வைக்குப் புதுசுதான். ஆனா டயருக்கு வயசாயிருச்சு. மாத்திட்டுப் போகச் சொல்லுங்க" என்றார். அவசரத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. விருந்தினரை அழைத்துவரத் திருச்சிக்குப் புறப்பட்ட கார், திருமயத்துக்கு அருகே டயர் வெடித்துச் சாலையோரச் செம்மண்ணில் இறங்கி நின்றது. உயிருக்கு ஆபத்தில்லை; ஆனால் ஆச்சியின் பேரனுக்குக் கை முறிந்துவிட்டது. அவன் கட்டுப்போட்ட கையோடுதான் திருமணப் பந்தியில் அமர்ந்தான்.

மறுவாரம் ஆச்சி எங்கள் தந்தையாரை அழைத்து, "தம்பி, நீயே பாத்து நல்ல டயரா வாங்கிட்டு வா" என்றார்கள். விடுமுறையாதலால் நாங்களும் காரைக்குடி டயர் கடைக்குச் சென்றோம். அன்று கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது அளவு. ஆச்சி வீட்டுக் கார் டயரின் பக்கவாட்டில் 145/80 ஆர் 12 74 டி என்று பொறித்திருந்தது. 145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு என்பதைக் குறிக்கும். 12 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 74 என்னும் குறியீட்டுக்கு, ஒரு டயர் 375 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். கார் செய்தவர்கள் குறித்த பாரத்துக்கும் வேகத்துக்கும் குறைந்த டயரை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கலாகாது. அழகுக்காக மிக அகலமான டயரை மாட்டுவதும் தவறே. அது உடற்பகுதியில் உரசலாம். எரிபொருளையும் கூடுதலாகக் குடிக்கும்.

'ஆர்' என்பது ரேடியல் வகை. பழைய அம்பாசிடர் காரில் 5.90-15 என்ற டயர் இருந்தது. அதனுள் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, மேலே எஃகுப் பட்டை சுற்றியிருக்கும். அதனால் சூடு குறைவு, உழைப்பு அதிகம். பிரான்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946 இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. அதே 1946 இல்தான் நம் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை என்பவர் பொம்மைப் பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே எம்.ஆர்.எஃப். நிறுவனமாகி, 1961 இல் டயர் செய்யத் தொடங்கியது.

இரண்டாவது, வயது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கங்கள் முடிவாக நிற்கும். ஆச்சி வீட்டுப் பழைய டயரில் 3412 என்றிருந்தது. அதாவது 2012 ஆம் ஆண்டின் 34 ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்றாலும் வெயிலாலும் காற்றாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் டயரைச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். கடையில் வாங்கும் புது டயரிலும் இந்த இலக்கங்களையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மூன்றாவது, பட்டன். மழைநீரை வெளியே தள்ளுவது டயரின் பள்ளங்களே. அவை தேய்ந்தால் ஐப்பசி மழையில் கார் நீர்மேல் மிதந்து வழுக்கும். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடுகள் வரை டயர் தேய்ந்துவிட்டால் அதன் காலம் முடிந்தது. இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்புறம் மாட்டுவதே நலம். பின்சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். அதை அடக்குவது கடினம்.

நல்ல டயரையும் கெடுப்பது காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடையில் அதுவே வெடிப்புக்கு வழி. எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவோரத்தில் எழுதியிருக்கும். வண்டி ஓடிச் சூடாகும் முன்பே அளந்து பார்க்க வேண்டும்.

இப்போது ஆச்சி வீட்டுக் கார் கொட்டகையைத் திறந்தால், பேரன்தான் முதலில் குனிந்து இலக்கங்களைப் படிக்கிறான். தோழியரே, பெற்றோரே! இன்று மாலை நம் வீட்டுக் காரோ ஸ்கூட்டரோ, அதன் அருகே ஒரு நிமிடம் குனிவோம். அந்த நான்கு இலக்கங்களைப் படிப்போம். பத்திரமாகச் சென்று திரும்புவோம்.