கணினிக்குத் திரவக் குளிரூட்டி அவசியமா?

வீட்டிலேயே கணினி பொருத்தப் போகிறீர்களா? திரவக் குளிரூட்டி வாங்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அது குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை இடம் மாற்றுகிறது. செயலியின்மேல் அமரும் உலோகத் தகட்டில் சூடேறிய திரவத்தை பம்ப் ரேடியேட்டருக்கு அனுப்பும். விசிறிகள் அந்த வெப்பத்தை வெளியே தள்ளும். ஆகவே, நம் ஊர் வெயிலில் அறை 31 டிகிரி செல்சியஸ் என்றால், செயலி அதற்குக் கீழே குளிராது.

முதலில் செயலியின் வாட் அளவைப் பாருங்கள். 65 வாட் ரைசன் 5 7600 செயலிக்கு அதனுடன் வரும் விசிறியே போதும். 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-14900கே என்றால் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பொருத்தம். விசிறிகளின் தடிமனையும் சேர்த்து, கேசிங்கில் அது அடங்குமா என்று அளந்த பிறகே வாங்குங்கள்.

பொருத்தும்போது ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரமாக இருக்கட்டும். உள்ளிருக்கும் காற்று மேலேதான் சேரும். அது பம்ப்பில் சிக்கினால் இரைச்சல் எழும், பம்ப்பின் ஆயுளும் குறையும்.

திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறையும். பெரும்பாலான குளிரூட்டிகளில் மீண்டும் நிரப்ப முடியாது. எனவே, வண்ண விளக்குகளைப் பார்க்காமல், உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள்.