எண்ணிக்கை விட்டுப் போச்சு தம்பி!

ஏடிஎம் மிஷின் முன்னால் நின்றுகொண்டு, நாலே நாலு நம்பர் ஞாபகம் வராமல் முழித்திருக்கிறீர்களா? பின்னால் நிற்கிற ஏழு பேரும் 'உச்' கொட்டுவார்கள். தினம் அடிக்கிற நம்பர் சார் அது! எனக்குப் போன மாதம் நடந்தது. வீட்டுக்காரரிடம் வாடகைக்கு நாலு நாள் தவணை சொல்லிவிட்டு வந்த நேரம். ஒருவழியாக நம்பர் ஞாபகம் வந்தது. அக்கவுண்ட்டில் பணம் இல்லை என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

வயசாகிவிட்டதோ, வல்லாரைக் கீரை சாப்பிட ஆரம்பிக்கணுமோ என்று யோசித்தபடியேதான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இறங்கினேன். போனது வேறு வேலைக்கு. மச்சினி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை விலை விசாரிக்க.

குழித்தறியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். அறுபது வயசிருக்கும். அரக்குச் சேலை, உடம்பெல்லாம் ஜரிகைப் புட்டா. ஆனால் அவர் நெய்யவில்லை. நெய்ததை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டு நெய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிக்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"எண்ணிக்கை விட்டுப் போச்சு தம்பி."

ஒரு புட்டாவுக்கும் அடுத்த புட்டாவுக்கும் நடுவில் இத்தனை ஊடை என்று கணக்கு உண்டாம். ஒவ்வொரு ஊடைக்கும் மிதியை மிதிக்கணும், நாடாவை விடணும், பலகையை இழுத்து அடிக்கணும், மனசுக்குள் எண்ணணும். கோர்வைச் சேலை என்றால் இன்னும் வம்பு. உடம்புக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனியாக இரண்டு நாடா. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா வாங்கித் தர இன்னொரு ஆள் வேறு. இதையெல்லாம் நாற்பது வருஷமாகச் செய்கிற மனுஷர்.

"பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்டணும். இந்தச் சேலை இறங்கினாத்தான் கூலி. கை இங்க இருக்குது, புத்தி காலேஜ் வாசல்ல நிக்குது. அப்படியே அரை முழம் ஓடிப்போச்சு. பார்த்தா புட்டா தள்ளி விழுந்திருக்கு."

இதில் ஒரு கொடுமை பாருங்கள். பணக் கவலையால் தப்பு. தப்பால் ஒரு நாள் வேலை வீண். அதனால் கூலி இன்னும் தள்ளிப்போகும். அதனால் கவலை இன்னும் கூடும்! வட்டிக்கு வட்டி என்று பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அதே கணக்குதான்.

பெரியவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே ஆராய்ச்சி செய்து 2013-ல் 'சயின்ஸ்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் என்று நாலு பேர். ஆராய்ச்சி நடந்த இடம் அமெரிக்கா என்று நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, விழுப்புரம், திருவண்ணாமலை பக்கத்துக் கரும்புக் காடு! 54 கிராமங்கள், 464 விவசாயிகள்.

கரும்புக்காரருக்கு வெட்டு முடிந்து ஆலைப் பணம் வந்தால்தான் கை நிறையும். வெட்டுக்கு முந்தின மாதங்கள் வறட்சிதான். அறுவடைக்கு முன்னால் 100-க்கு 78 பேர் ஏதாவது ஒன்றை அடகு வைத்திருந்தார்கள். அறுவடைக்கு அப்புறம் கேட்டால் 4 பேர்! அதே ஆட்களுக்கு இரண்டு சமயத்திலும் புத்தி சோதனை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய சோதனை. ஒன்று, படத்தில் விட்டுப்போன துண்டைக் கண்டுபிடிப்பது. இதில் அறுவடைக்குப் பின் சராசரியாக 5.45 சரி, முன்னால் 4.35 தான். இன்னொன்று வேடிக்கையானது. '5 5 5' என்று காட்டுவார்கள். எத்தனை எண் இருக்கிறது என்று சொல்லணும், அதாவது 'மூன்று'. வாய் 'ஐந்து' என்று ஓடப் பார்க்கும், அதை இழுத்துப் பிடிக்கணும். பக்கத்து சீட்டுக்காரரிடம் மாதக் கடைசியில் சோதித்துப் பாருங்கள். அறுவடைக்கு முன்னால் இதிலும் நேரம் அதிகம், தப்பும் அதிகம்.

அதே ஆள், அதே மூளை. நடுவில் மாறினது மடியில் இருந்த பணம். எல்லாருக்கும் ஒரே மாதத்தில் வெட்டு வருவதில்லை, ஆலை முறை வைத்துத்தான் வெட்டுகிறது. அதனால் வெயிலையோ பண்டிகையையோ காரணம் சொல்ல முடியாது.

பின்னாளில், 2016-ல், அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் இதே மாதிரி பார்த்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து நாளில் வரப்போகிற சம்பளமும், ஒரு வருஷம் காத்திருக்கிற கரும்பும் ஒன்றா என்பது என் கட்சி.

தலைக்குள் என்னதான் நடக்கிறது? ஒரு கணக்கைப் போட்டு முடிக்கும்வரை எண்களைக் கையில் பிடித்திருக்கிற நினைவு ஒன்று உண்டு. காமர்ஸ்காரன் பாஷையில் அதுதான் மூளையின் ஒர்க்கிங் கேபிடல். ரொம்பச் சின்னத் தொகை. அதில் பாதியைப் பீஸ் கவலை பிடித்துக்கொண்டால், புட்டாவுக்கு என்ன மிஞ்சும்?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கவலை முற்றினால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. நினைவுகளைப் பதிவு செய்கிற 'ஹிப்போகேம்பஸ்' என்ற மூளைப்பகுதிக்கு இந்த ஜாதி ஹார்மோன் நேரே போய்ச் சேருகிறது என்று 1968-ல் எலிகளை வைத்து புரூஸ் மெக்யூவன் குழு காட்டியது. 1998-ல் இன்னொரு எலிக்கூட்டம். தண்ணீர்த் தொட்டியில் மேடை எங்கே இருக்கிறது என்று நன்றாகக் கற்றுக்கொண்ட எலிகள். அதிர்ச்சி கொடுத்து அரைமணி கழித்து விட்டால் மேடை மறந்துபோயிற்று. இரண்டே நிமிஷத்திலோ, நாலு மணி நேரம் கழித்தோ விட்டால் சரியாகப் போயின! பரீட்சை ஹாலில் வராத பதில், சாயந்திரம் டீக்கடையில் வரிசையாக வருவது இதனால்தானோ என்னவோ.

ஆனால் மனசு பதறினால் எல்லாமே மறக்கும் என்றும் இல்லை. 2019-ல் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தாரே, அந்தக் கூட்டத்தில் நசுங்கியவர்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு முட்டியது, யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நிமிஷக் கணக்கில் சொல்வார்கள். செருப்பை எங்கே விட்டோம் என்பது மட்டும் ஞாபகம் இருக்காது. பதற்றத்தில் மூளை நடுப்படத்தை அழுத்தமாக அச்சடித்துவிட்டு ஓரத்தை விட்டுவிடும்.

எனக்கு ஆறுதல் தந்த சேதி 2009-ல் வந்தது. பெரிய பரீட்சைக்கு ஒரு மாதம் மாய்ந்து மாய்ந்து படித்த 20 மருத்துவ மாணவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தைத் திருப்ப அவர்கள் திணறினார்கள். பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்... பழையபடி! வல்லாரைக் கீரை வாங்கவில்லை.

ஒடிசாவில் இலைத் தட்டு தைக்கிற கூலிக்காரர்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. தட்டுக்கு இவ்வளவு என்று கூலி, நம்ம நெசவு மாதிரியே. சிலருக்குக் கூலியில் ஒரு பங்கைக் கடைசி நாள் வரை காக்க வைக்காமல் முன்கூட்டியே கொடுத்தார்கள். மொத்தக் கூலியில் ஒரு பைசா கூட்டவில்லை. அவர்கள் தைத்த தட்டு எண்ணிக்கை கூடியது, தப்பும் குறைந்தது. அதிலும் ரொம்பக் கஷ்டத்தில் இருந்தவர்களுக்கு.

பெரியவரிடம் இந்த இலைத் தட்டுக் கதையைச் சொன்னேன். பிரிப்பதை நிறுத்திக் கேட்டார்.

"மழைக்காலத்துல குழியில தண்ணி ஊறி, தறியே ஓடாம கிடப்போம். அப்ப பாதிக் கூலி முன்னால குடுத்தா எவ்ளோ நல்லாருக்கும்! குடுக்கறாங்க தம்பி, இல்லேன்னு சொல்லல. ஆனா அது கடன் கணக்குல ஏறும். அப்புறம் அதை நினைச்சிக்கிட்டு நெய்யணும்."

தறி ஓரமாக ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதில் புளியங்கொட்டை.

"இது என்னங்கய்யா?"

"பத்து ஊடைக்கு ஒண்ணு எடுத்துத் தள்ளி வெப்பேன். நேத்திலிருந்துதான். மனசை நம்பப் படாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க."

உள்ளேயிருந்து அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரியவர் மறுபடி நாடாவைக் கையில் எடுத்தார். நான் கூலி எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்று அடுத்த கேள்வியை ஆரம்பித்தேன்.

"தம்பி, தப்பா நினைச்சிக்காதீங்க. ஏழுல நிக்கிறேன். மூணு கொட்டை முடிஞ்சப்புறம் பேசலாமா?"

வாயை மூடிக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்தேன். புடவை விலை கேட்க வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.